நித்தியகல்யாணியும் இந்திரியும்

இந்துமாக்கடலில் உள்ள மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இரு உயிர்கள் இன்று நேர் எதிரான நிலைகளில் உள்ளன. ஒன்று, நம் நாட்டில் வீட்டு முற்றங்களிலும் இடுகாடுகளிலும் பூக்கும் நித்தியகல்யாணி. மற்றொன்று, லெமூர் வகைகளுள் உருவில் பெரியதான இந்திரி.

நித்தியகல்யாணி வறட்சியைத் தாங்கி வளர்வது. விதைத்த சில மாதங்களில் பூக்கத் தொடங்குவது. இதிலுள்ள கசப்பான ஆல்கலாய்டுகளின் காரணமாகக் கால்நடைகள் இதனை மேய்வதில்லை. எனவே, மனிதர் கொண்டு சென்ற வெப்ப நாடுகளிலெல்லாம் இது எளிதில் வேரூன்றியது. 1958-ஆம் ஆண்டில் கனடாவின் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் விஞ்ஞானிகள் இதன் இலைகளிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்ததை அறிவித்தனர். பின்னர் கண்டறியப்பட்ட வின்கிறிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் பயன்படுகிறது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மானாவாரி நிலங்களிலும் இச்செடி மருந்துப் பயிராகச் சாகுபடி செய்யப்படுகிறது.

இந்திரியின் வாழ்வோ தீவின் கிழக்குப் பகுதி மழைக்காடுகளுக்குள் அடங்கியது. அக்காட்டு மரங்களின் தளிர்களும் விதைகளுமே இதன் முக்கிய உணவு. பெண் இந்திரி இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு குட்டியையே ஈனுகிறது. விலங்குக் காட்சிசாலைகளில் இதனை வளர்க்கும் முயற்சிகள் வெற்றி பெறவில்லை. மலைநெல் பயிரிடக் காட்டை வெட்டி எரித்தல், கரி சுடுதல், வேட்டை ஆகியவற்றால் இதன் வாழ்விடமும் எண்ணிக்கையும் குறைந்து வருகின்றன. இந்திரியைக் கொல்லலாகாது என்ற மரபுத் தடையும் பல இடங்களில் தளர்ந்துவிட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-இல் வெளியிட்ட கணிப்பின்படி, 107 லெமூர் இனங்களுள் 103 இனங்கள் அழியும் அபாயத்தில் உள்ளன. அவற்றுள் மிகக் கடுமையான அபாயத்திலுள்ள 33 இனங்களுள் இந்திரியும் ஒன்றாகும்.

செடியைக் காக்க ஒரு பிடி விதை போதும். இந்திரியைக் காக்கக் காடே வேண்டும். பயன் தெரிந்த பிறகு காத்துக்கொள்ளலாம் என்பதும் பொருந்தாது. நித்தியகல்யாணியின் புற்றுநோய் மருந்து 1958 வரை உலகம் அறியாததே. காட்டை எரிப்போரும் பெரும்பாலும் வேறு வழியற்ற ஏழை உழவர்களே. நிலையான வேளாண்மை, மாற்று எரிபொருள், சுற்றுலா வருவாயில் பங்கு ஆகியவை அவர்களுக்குக் கிடைத்தாலன்றி, காப்புக்காடு என்ற அறிவிப்பு மட்டும் இந்திரியைக் காப்பாற்றாது.