செவன் சிஸ்டர்ஸ்: வேலியில்லா விளிம்பில் உரிமையும் உயிரும்

இங்கிலாந்தின் தென்கரையில், ஈஸ்ட் சசெக்ஸ் மாவட்டத்தில், ஈஸ்ட் டீன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரிலிருந்து ஒரு குன்றேறி இறங்கினால் பர்லிங் கேப் கடற்கரை வந்துவிடும். அதற்கு மேற்கே, கக்மியர் ஆறு கடலில் கலக்கும் இடம் வரை, செவன் சிஸ்டர்ஸ் என்ற வெள்ளைச் செங்குத்துப் பாறைகள் நிற்கின்றன. கிழக்கே பீச்சி ஹெட். 162 மீட்டர் உயரம். பிரிட்டனின் சுண்ணாம்புக்கல் கடற்பாறைகளில் இதைவிட உயரமானது இல்லை. லண்டனிலிருந்து ரயிலில் ஈஸ்ட்போர்னுக்கோ சீஃபோர்டுக்கோ வந்து, பஸ் பிடித்து, காலையில் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிற தமிழ்க் குடும்பங்களும், படிக்கப் போன மாணவர்களும் புறப்படும் முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் தெரிய வேண்டியது, அந்த விளிம்பில் பெரும்பாலான இடங்களில் வேலி கிடையாது. நம் ஊர்ச் சுற்றுலா இடங்களில் கம்பித் தடுப்பு எதுவரை இருக்கிறதோ அதுவரை போகலாம் என்று பழகியவர்களுக்கு இது பெரிய பொறி. தடுப்பு இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது.

சுண்ணாம்புக்கல் மென்மையானது. மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும், குளிரில் அந்த நீர் உறைந்து விரியும்போது கல் விரிசல் விடும். கீழே அலை அடிப்பாகத்தைக் குடைகிறது. நுனியில் புல் பசேலென்று முளைத்திருக்க, அதற்கு அடியில் கல் இருக்கிறதா, வெறும் காற்று இருக்கிறதா என்று மேலே நிற்பவருக்குத் தெரிய வழியே இல்லை. கடந்த 150 ஆண்டுகளில் இந்தப் பாறைகள் சராசரியாக ஆண்டுக்கு 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை பின்வாங்கியிருப்பதாக 2016-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதற்கு முந்தைய ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அந்த வேகம் ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர்தான். சராசரியை நம்பி நிற்கவும் முடியாது. பல ஆண்டுகள் ஒன்றும் நடக்காது. ஒருநாள் பல மீட்டர் அகலத்துக்கு மொத்தமாகச் சரியும். பீச்சி ஹெட் அருகே உள்ள பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கத்தை 1999-இல் அப்படியே தூக்கி 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள். கல் கட்டடத்துக்கே அந்த நிலை.

2017 ஜூனில், படத்துக்காக விளிம்பருகே துள்ளிக் குதித்த ஒரு வெளிநாட்டு மாணவி தவறி விழுந்து இறந்தார். ஆகவே விளிம்பிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நடங்கள். தரையில் விளிம்புக்கு இணையாக விரிசல் தெரிந்தால் இன்னும் உள்ளே போய்விடுங்கள். படம் எடுக்கிறவரும் பின்னால் நகரக் கூடாது, எடுக்கப்படுகிறவரும் நகரக் கூடாது. குழந்தையின் கையை விடவே கூடாது.

கீழே கரையோரம் நடப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது மேலே நடப்பதைவிட மோசமாகவும் முடியலாம். பாறைச் சரிவு விழுவது அங்கேதான். பர்லிங் கேப்புக்கும் கக்மியர் முகத்துவாரத்துக்கும் நடுவில் மேலே ஏற வழி கிடையாது. இந்தக் கரையில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம், பௌர்ணமி அமாவாசையை ஒட்டிய நாள்களில், ஏறத்தாழ 6 மீட்டர். தண்ணீர் ஏறினால் பாறைச் சுவர்வரை வந்துவிடும். ஓத அட்டவணையைப் பார்க்காமல் கீழே இறங்காதீர்கள். கக்மியர் ஆற்றையும் வற்றத்தில் நடந்து கடக்கப் பார்க்க வேண்டாம். உள்ளே எக்ஸீட் பாலம்வரை போய்ச் சுற்றி வாருங்கள்.

ஆபத்து நேர்ந்தால் 999-ஐ அழைத்து, ‘கோஸ்ட்கார்ட்’ வேண்டும் என்று கேளுங்கள். விழுந்தவரை எட்டிப் பிடிக்க விளிம்புக்குப் போகாதீர்கள். பில் வருமோ என்று பயந்து தயங்குகிறவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்: கடலோரக் காவல்படையின் மீட்புக்குக் கட்டணம் இல்லை. 1824-இல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. உயிர்மீட்புப் படகுகளும் நன்கொடையில் ஓடுபவை, காசு கேட்பதில்லை. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் முதல் சிகிச்சையும் எல்லோருக்கும் இலவசம். உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டாலோ, தொடர் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டாலோதான் சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்குச் செலவு வரும். பெற்றோரை அழைக்கும்போது பயணக் காப்பீடு எடுப்பது அதற்காகத்தான்.

இத்தனை ஆபத்தான இடத்தில் யாரும் ஏன் நம்மைத் தடுப்பதில்லை? அங்கே நடப்பது யாரோ தரும் அனுமதி அல்ல, நம் உரிமை. 1932 ஏப்ரல் 24 அன்று டார்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில், பிரபுக்களின் வேட்டை நிலத்துக்குள் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறை சென்றார்கள். அந்தப் போராட்ட மரபின் பலனாக வந்ததுதான் 2000-ஆம் ஆண்டின் வழியுரிமைச் சட்டம். மலைகளிலும், சுண்ணாம்புக் குன்றுகளின் புல்வெளிகளிலும், அரசு வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடமெல்லாம், பாதையை விட்டு விலகியும் கால்நடையாகப் போகலாம். அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. பாறை, பள்ளம், ஓடை போன்றவற்றால் அங்கே காயப்பட்டால் நிலக்காரர் நஷ்டஈடு தர வேண்டியதில்லை. அவர் வேண்டுமென்றோ பொறுப்பில்லாமலோ ஆபத்தை உண்டாக்கியிருந்தால் மட்டுமே விதிவிலக்கு. இது நியாயம் என்றே நினைக்கிறேன். நிலக்காரர் தலையில் இந்தப் பொறுப்பைச் சுமத்தியிருந்தால், குன்று முழுக்க முள்கம்பி வந்திருக்கும். ஆனால் இது தெரியாமல் நடப்பவருக்கு அந்த நியாயம் உதவாது.

பாதையே கடலில் விழுந்துவிட்டால்? பழைய சட்டப்படி, நிலம் போனால் அதன் மேலிருந்த வழியுரிமையும் போகும். 2009-ஆம் ஆண்டின் கடலோர அணுகல் சட்டம் இதை மாற்றியது. அந்தச் சட்டத்தின் கீழ் அமைக்கப்படும் இங்கிலாந்து கடலோரப் பாதை, கரை அரிக்க அரிக்க உள்நோக்கி நகர்ந்துகொள்ள வழி செய்யப்பட்டிருக்கிறது.

வயல்களுக்கு நடுவே போகும் பொதுவழிகளுக்கு அம்புக்குறிகளே சாட்சி. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரைபடத்தில் பச்சைக் கோடுகளாக இவற்றைக் காணலாம். வழி உங்களுடையது என்றால் ‘தனியார் நிலம், உள்ளே வராதே’ என்ற பலகைக்கு மிரள வேண்டாம். பதிவான பொதுவழியில் ஆளை விரட்டும் பொய்ப் பலகை வைப்பது 1949-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். தவறி வேறு நிலத்துக்குள் போனாலும் அது பொதுவாக உரிமையியல் தவறுதான், கைது செய்ய முடியாது. உரிமையாளர் சொன்னால் வாதாடாமல் வெளியேறிவிடுங்கள்.

வயல்களில் கன்றோடு நிற்கும் பசுக்களை லேசாக எண்ண வேண்டாம், அதிலும் நாயோடு போகும்போது. மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள், அது தப்பித்துக்கொள்ளும். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக, வழியுரிமைச் சட்டத்தில் திறந்த நிலங்களில் நாயை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். பொதுவழி கடக்கும் வயலில் பால்மாட்டு இனக் காளை பத்து மாதத்துக்கு மேற்பட்டதென்றால் விடவே கூடாது. வீடு திரும்பியதும் காலிலும் அக்குளிலும் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். சில நாள்களிலோ வாரங்களிலோ வட்டமாகச் சிவந்தால் லைம் நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் மாத்திரையில் சரியாகிவிடும்.

பொதுவழி அடைபட்டிருந்தால், தாண்டிப் போகத் தேவையான அளவு மட்டும் தடையை விலக்கிக்கொண்டு போகலாம். வயலின் குறுக்கே போகும் பாதையை உழுதால், முதல் உழவுக்குப் பின் 14 நாள்களுக்குள் விவசாயி அதைச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் படமும் வரைபடக் குறியீடும் சேர்த்து மாவட்டக் கவுன்சிலின் வழியுரிமைப் பிரிவுக்குப் புகார் அனுப்புங்கள். பொதுவழிகளைக் காப்பது அவர்களின் சட்டக் கடமை. அவர்கள் அசையாவிட்டால், 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் 130ஏ பிரிவில் எழுத்து அறிவிப்பு கொடுக்கலாம். இரண்டு மாதம் கழித்தும் தடை நீங்காவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் வரை போகலாம். 1935-இல் உருவான ராம்ப்ளர்ஸ் என்ற நடையாளர் சங்கம் இதில் வழிகாட்டும்.

வரைபடத்தில் இல்லாத பாதைகளுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒளிந்து போகாமல், இருபது ஆண்டுகள் தடையின்றி மக்கள் நடந்திருந்தால், நிலக்காரர் அப்படி விட்டுக்கொடுக்க எண்ணவில்லை என்று நிரூபித்தால் ஒழிய, அது பொதுவழியாகவே கருதப்படும். அதைப் பதிவு செய்யக் கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எப்படி அந்த வழியில் நடந்தோம் என்று ஊர்க்காரர்கள் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் வாக்குமூலங்களும், கிடைத்தால் பழைய வரைபடங்களும் அதனுடன் போக வேண்டும்.