குடிக்கும் சர்க்கரையும் வளரும் உடலும்

"பிள்ளைக்குப் பதினாறு வயதுதானே ஆகிறது, இப்போது இனிப்பு என்ன செய்துவிடும்?" எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. இளம் உடல் எதையும் தாங்கும் என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை. உண்மையில் பாதிப்பு இந்த வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அது வெளியே தெரிவதற்குத்தான் பல ஆண்டுகள் ஆகின்றன.

முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக உள்ள இனிப்பைப் பற்றி நாங்கள் இங்கே பேசவில்லை. தேநீர், குளிர்பானம், பிஸ்கட் போன்றவற்றில் தனியாகச் சேர்க்கப்படும் சர்க்கரையே கவலைக்குரியது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவையும் இக்கணக்கில் அடங்கும். 'வெள்ளைச் சர்க்கரை இல்லை, கருப்பட்டிதான்' என்று அளவின்றிக் கொடுப்பது பாதுகாப்பன்று.

இத்தகைய சர்க்கரை ஒருவர் நாள்தோறும் பெறும் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்திற்குக் குறைவாக இருக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. 5 சதவீதத்திற்கும் குறைந்தால் மேலும் நன்மை. 2,000 கலோரி உண்பவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம், அதாவது ஏறத்தாழ 6 தேக்கரண்டி. வழக்கமான குளிர்பானம் 100 மில்லிலிட்டரில் சுமார் 10 கிராம் சர்க்கரை உண்டு. ஆகவே 250 மில்லிலிட்டர் புட்டி ஒன்றே அந்த அளவை எட்டிவிடும். காலைத் தேநீரும், பள்ளி விட்டு வரும் வழியில் ரோஸ் மில்க்கும், மாலை பிஸ்கட்டும் அதற்கு மேல் சேர்கின்றன.

குடிக்கும் சர்க்கரை கூடுதல் தீங்கு தருவதற்குக் காரணம் உண்டு. மென்று உண்ணும் உணவு தரும் நிறைவை அது தருவதில்லை. எனவே அடுத்த வேளை உணவு குறைவதுமில்லை. சர்க்கரையின் ஒரு பாதியான ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்குச் செல்கிறது. மிகுதியானது அங்கே கொழுப்பாக மாறிப் படிகிறது. எடை கூடக் கூட இன்சுலின் செயல்திறன் குறைகிறது. சில பிள்ளைகளுக்குப் பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிக்கிறது. அதை அழுக்கென்று எண்ணித் தேய்த்துக் கழுவுவோர் பலர். அது இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். பற்சிதைவும் இச்சர்க்கரையின் விளைவே.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பழமாக உண்டால் நார்ச்சத்தும் உடன் கிடைக்கிறது. சர்க்கரை மெல்லவே இரத்தத்தில் கலக்கிறது. பிழிந்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்துப் பருகினால் அதுவும் ஒரு குளிர்பானமே. நம் ஊர் மாம்பழத்திற்கும் இதே விதி பொருந்தும்.

தொடக்க வயதுச் சர்க்கரை எவ்வளவு தூரம் தொடர்கிறது என்பதைப் பிரிட்டன் காட்டியது. இரண்டாம் உலகப்போரையொட்டி அங்கே சர்க்கரைக்கு இருந்த பங்கீட்டு முறை 1953 செப்டம்பரில் முடிந்தது. உடனே அதன் நுகர்வு ஏறத்தாழ இரு மடங்கானது. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் பங்கீட்டுக் காலத்தில் வளர்ந்தோருக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு சுமார் 35 சதவீதமும், உயர் இரத்த அழுத்தம் சுமார் 20 சதவீதமும் குறைவாக இருந்ததாக 2024இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் உள்ளதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்பதைக் காட்டும் பலகைகளை வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025இல் தன் பள்ளிகளைப் பணித்தது. அத்தகைய பலகை ஒன்றை நம் வீட்டுச் சமையலறையிலும் எழுதி வைக்கலாம்.

குடும்பத்தினர் செய்யத்தக்கவை சில:

முதலில் குளிர்பானத்தை வீட்டில் வாங்கி வைப்பதை நிறுத்துங்கள். தண்ணீர், மோர் ஆகியவற்றைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள்.

தேநீரில் சர்க்கரையை வாரந்தோறும் அரைக் கரண்டியாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

பிள்ளைக்கு மட்டும் விதி வகுக்காதீர்கள். வீட்டார் அனைவரும் பின்பற்றுங்கள். திருவிழா நாளில் மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலுக்குச் சென்று திரும்புகையில் உண்ணும் இனிப்பைத் தடுக்க வேண்டியதில்லை. நாள்தோறும் சேரும் இனிப்பே நோயாகிறது.

ஒன்றை மறவாதீர்கள். குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவுக்கு இனிப்பு உண்டது காரணமன்று. பெற்றோர் தம்மைக் குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம். இன்சுலின் போடும் பிள்ளைக்குச் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் வந்தால், உடனே சர்க்கரை கொடுப்பதே முதலுதவி. பிள்ளை மயங்கியிருந்தால் வாயில் எதுவும் புகட்டாமல் மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.

அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமற்ற எடைக் குறைவு ஆகியவை தென்பட்டால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அவற்றுடன் வாந்தியோ மூச்சிரைப்போ சேர்ந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்.