விகிதப்படுத்தல்: நுண்கணிதத்திற்கு முன் தேற வேண்டிய பயிற்சி

இரண்டு முழு எண்களின் பின்னமாக எழுத இயலாத எண்ணை விகிதமுறா எண் என்றும், ஒரு விகிதமுறு எண்ணின் வர்க்கமூலமோ கனமூலமோ அவ்வாறு விகிதமுறா எண்ணாக அமையுமானால் அதனை முறுடு என்றும் கணித நூல்கள் வழங்குகின்றன. √2, √3 ஆகியவை முறுடுகள்; √9 என்பது 3க்குச் சமமாதலால் முறுடன்று. ஒரு பின்னத்தின் பகுதியில், அதாவது கோட்டுக்குக் கீழே, முறுடு நிற்கும்போது, பின்னத்தின் மதிப்பு சற்றும் மாறாதவாறு அதனை அங்கிருந்து நீக்கும் செயலே விகிதப்படுத்தல் எனப்படும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பில் அறிமுகமாகும் இச்செயல், பதினோராம் வகுப்பில் எல்லைகளும் வகைக்கெழுக்களும் தொடங்கும்போது வேறொரு பணியோடு மீண்டும் தேவைப்படுகிறது.

கணிப்பொறி இல்லாத காலத்தில் இதன் பயன் வெளிப்படையாகவே இருந்தது. 1/√2 என்பதன் மதிப்பைக் காண 1ஐ 1.41421356 என்ற நீண்ட தசமத்தால் வகுப்பது கடினம். தொகுதியையும் பகுதியையும் √2ஆல் பெருக்கி √2/2 என்று மாற்றிக்கொண்டால், அந்தத் தசமத்தை 2ஆல் வகுத்து 0.70710678 என்று உடனே எழுதிவிடலாம். பகுதியில் இரண்டு உறுப்புகள் இருக்குமானால், அவற்றின் இடையிலுள்ள குறியை மட்டும் மாற்றி எழுதிய இணை எனப்படும் கோவையால் மேலும் கீழும் பெருக்க வேண்டும். (அ − இ)(அ + இ) = அ² − இ² என்ற முற்றொருமையே இம்முறைக்கு அடிப்படை; வர்க்கமூலங்கள் வர்க்கமாக மாறுவதால் மூலக்குறிகள் மறைகின்றன. எடுத்துக்காட்டாக, 1/(√3 − √2) என்பதை √3 + √2ஆல் மேலும் கீழும் பெருக்கினால், பகுதி 3 − 2 = 1 என்றாகி, விடை √3 + √2 எனக் கிடைக்கிறது. முறுடுகளை வகுக்கும்போது வகுக்கும் கோவையில் ஒரு முறுடின் குறியை மாற்றி மேலும் கீழும் பெருக்கும் விதியைப் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டில் இயற்றிய பிராம்ம ஸ்புட சித்தாந்தத்திலேயே கூறியிருக்கிறார். பின்னர் இரண்டாம் பாஸ்கரரின் பீஜகணிதமும் அதனை விளக்குகிறது.

நுண்கணிதத்தில் இதே கருவி பெரும்பாலும் எதிர்த்திசையில் இயங்குகிறது. அங்கே மூலக்குறியை நீக்க வேண்டிய இடம் பகுதியன்று, தொகுதி. ஒரு மாறி குறிப்பிட்ட எண்ணை நெருங்க நெருங்க, அதைச் சார்ந்த கோவை எந்த மதிப்பை நெருங்குகிறதோ அம்மதிப்பே எல்லை எனப்படும். மாறியை ம என்று குறித்து, ம பூச்சியத்தை நெருங்கும்போது (√(ம + 4) − 2)/ம என்ற கோவையின் எல்லையைக் காண முயன்றால், நேரடியாகப் பிரதியிடுவது 0/0 என்ற, எந்த மதிப்பையும் உறுதி செய்யாத, தேறப்பெறாத வடிவத்தையே தருகிறது. √(ம + 4) + 2 என்ற இணையால் மேலும் கீழும் பெருக்கினால் தொகுதி (ம + 4) − 4, அதாவது ம என்றாகிறது; எல்லை காணும்போது ம பூச்சியத்தை நெருங்குகிறதேயன்றிப் பூச்சியமாவதில்லை என்பதால், மேலும் கீழும் உள்ள மவை நீக்கிவிடலாம். எஞ்சும் 1/(√(ம + 4) + 2) என்ற வடிவில் பிரதியிட்டவுடன் 1/4 என்ற விடை கிடைக்கிறது.

√ம என்ற சார்பின் வகைக்கெழு, அதாவது அது மாறும் வீதம், அடிப்படை வரையறையிலிருந்து பிறப்பதும் இவ்வழியில்தான். மாறியின் சிறிய அதிகரிப்பை ந என்று கொண்டால், (√(ம + ந) − √ம)/ந என்ற விகிதம் இணையால் பெருக்கிய பின் 1/(√(ம + ந) + √ம) என்று சுருங்குகிறது; ந பூச்சியத்தை நெருங்கும்போது அது 1/(2√ம) என்ற, மாணவர்கள் மனப்பாடமாகவே அறிந்த சூத்திரத்தை அடைகிறது. ம எல்லையின்றிப் பெருகும்போது √(ம² + 6ம) − ம என்ற கோவை, முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிப்பதுபோல் தோன்றினாலும், 6ம/(√(ம² + 6ம) + ம) என்று மாற்றி மேலும் கீழும் மவால் வகுத்தால் 3ஐ நெருங்குவது தெளிவாகிறது.

கணிப்பொறி வந்த பிறகும் இம்முறை தேவையற்றதாகிவிடவில்லை. எட்டு இலக்கத் துல்லியத்தில் √10001 என்பது 100.00500, அதிலிருந்து 100ஐக் கழித்தால் 0.00500 என மூன்று இலக்கங்களே நம்பத்தக்கவையாக எஞ்சுகின்றன. ஆனால் அதே கோவையை 1/(√10001 + 100) என்று மாற்றிக் கணக்கிட்டால் 0.0049998750 என எட்டு இலக்கங்களும் சரியாகக் கிடைக்கின்றன.

ஆதலால் பயிற்சி இரு திசைகளிலும் அமைய வேண்டும். முதலில் ஓருறுப்புப் பகுதிகளையும், அடுத்து ஈருறுப்புப் பகுதிகளையும், அதன்பின் எண்ணுக்குப் பதில் மாறி இடம்பெறும் கோவைகளின் தொகுதியையும் விகிதப்படுத்திப் பழகுவது நல்ல வரிசை; கனமூலங்கள் வரும்போது அ³ − இ³ = (அ − இ)(அ² + அஇ + இ²) என்ற முற்றொருமை துணை நிற்கும். பயில்பவர் மூன்று பிழைகளைத் தவிர்க்க வேண்டும். √(ம + 4) என்பதை √ம + 2 என்று பிரித்தல் தவறு. கோவையை வர்க்கப்படுத்துவது அதன் மதிப்பையே மாற்றிவிடும், இணையால் மேலும் கீழும் பெருக்குவது 1ஆல் பெருக்குவதேயாதலால் மதிப்பைக் காக்கும். தொகுதியை விரித்து எழுதும்போது பகுதியையும் சேர்த்து விரித்துவிட்டால், நீக்க வேண்டிய பொதுக்காரணி கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

விகிதப்படுத்தல் விடையை அழகுபடுத்தும் சடங்கன்று. மூலக்குறி எந்த இடத்தில் தடையாக நிற்கிறது என்று கண்டு, அதைத் தடையில்லாத இடத்திற்கு மாற்றும் ஆற்றல் அது. நுண்கணித வகுப்பில் தடுமாறும் மாணவர் பலருக்குத் தடையாவது எல்லை என்ற புதிய கருத்தைவிட, அதற்குள் மறைந்திருக்கும் பழைய இயற்கணிதமே. ஆகவே நுண்கணிதத்தைத் தொடங்குமுன் ஒன்பதாம் வகுப்பின் முறுடுக் கணக்குகளை மீண்டும் ஒருமுறை எழுதுகோல் பிடித்துப் போட்டுப் பார்ப்பது, ஒவ்வொரு மாணவரும் தமக்குத் தாமே செய்துகொள்ள வேண்டிய முதல் ஆயத்தமாகும்.