கோப்பு சொல்வதையெல்லாம் செய்யும் மென்பொருள்

2023 அக்டோபர் கடைசியில், அப்பாச்சி ஆக்டிவ்எம்கியூ என்ற மென்பொருளை வைத்திருந்த நிறுவனங்களுக்கு ஓர் அவசர எச்சரிக்கை வந்தது. ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்குச் செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்த மென்பொருளின் வேலை. அது நிறுவனங்களின் சர்வர்களில் யார் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதில் தெரியவந்த ஓட்டைக்கு அப்பாச்சி அமைப்பே கொடுத்த ஆபத்து மதிப்பு பத்துக்குப் பத்து. திருத்தம் வெளியான அதே வாரத்தில், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று அந்த வழியாக நுழைய முயன்றது பதிவாகியிருக்கிறது. நவம்பர் 2 அன்று அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா, தாக்குதலில் இப்போதே பயன்பட்டுவரும் ஓட்டைகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

தாக்கியவர்களுக்குக் கடவுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. ஊழியர் யாரையும் ஏமாற்றி இணைப்பைச் சொடுக்கவைக்கவும் வேண்டியிருக்கவில்லை. அவர்கள் அனுப்பியது ஒரு சிறு செய்தி. அந்தச் செய்தி சுட்டிக்காட்டியது சில வரிகளே கொண்ட ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. எழுத்துகளும் கோண அடைப்புகளும் மட்டுமே உள்ள ஒரு கோப்பால் சர்வரை எப்படிக் கைப்பற்ற முடிந்தது? மென்பொருள் எழுதுகிறவர்கள் மட்டுமல்ல, காசு கொடுத்து எழுதவைக்கிறவர்களும், அதில் தங்கள் விவரங்களைக் கொடுத்துவிட்டு நம்பியிருக்கிறவர்களும் இதைப் புரிந்துகொண்டாக வேண்டும்.

இன்றைய நிரல்கள் பெரும்பாலும் 'ஆப்ஜெக்ட்'களால் ஆனவை. ஒரு வாடிக்கையாளர், ஒரு ரசீது, திரையில் ஒரு பொத்தான், தரவுத்தளத்தோடு ஓர் இணைப்பு என ஒவ்வொன்றும் நிரலுக்குள் ஓர் ஆப்ஜெக்ட். எந்த ஆப்ஜெக்ட் எப்படி இருக்கும், என்னென்ன செய்யும் என்ற வரையறைக்குக் 'கிளாஸ்' என்று பெயர். ஆப்ஜெக்டுகளை நிரலிலேயே வரி வரியாக உருவாக்கலாம். ஆனால் ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் நிரலைத் திறந்து திருத்த வேண்டியிருக்கும். அதனால், இன்ன கிளாஸில் ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கு, அதற்கு இன்ன மதிப்புகளைக் கொடு, உருவானதும் இன்ன வேலையைத் தொடங்கு என்று எக்ஸ்எம்எல், யாமல் போன்ற குறிமொழிக் கோப்புகளில் எழுதிவைக்கும் வழக்கம் வந்தது. நிரல் அந்தக் கோப்பைப் படித்து ஆப்ஜெக்டுகளை அமைத்துக்கொள்ளும். ஜாவா உலகின் ஸ்பிரிங், விண்டோஸ் செயலிகளின் திரைகளை விவரிக்கும் சாமல், ஆண்ட்ராய்டின் திரை அமைப்புக் கோப்புகள் எல்லாம் இந்த வழியில் வந்தவையே.

இந்த முறையை நான் குறை சொல்லவில்லை. உங்கள் கைப்பேசியில் உள்ள செயலியின் திரை அமைப்பை எழுதியவர் அந்தச் செயலியை எழுதியவரேதான். கோப்பும் நிரலும் ஒரே கையிலிருந்து வந்து, ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டு உங்களிடம் சேருகின்றன. அங்கே அபாயம் இல்லை. கோப்பு வேறொருவர் கையிலிருந்து வரும்போதுதான் நிலைமை தலைகீழாகிறது.

மளிகைக் கடையில் சீட்டைக் கொடுத்தால் பையன் சாமான் கட்டித் தருவான். அரிசி ஐந்து கிலோ, துவரம்பருப்பு ஒரு கிலோ என்று எழுதியிருக்கும் வரை சரி. "கல்லாவைத் திறந்து இருப்பதைச் சீட்டு கொண்டுவருபவரிடம் கொடு" என்று ஒருவர் எழுதிக் கொடுத்து, அதையும் பையன் அப்படியே செய்தால்? கிளாஸின் பெயரைக்கூடக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும் மென்பொருள் அப்படித்தான் நடந்துகொள்கிறது.

ஆக்டிவ்எம்கியூவில் நடந்தது இதுதான். அது பேசும் மொழிக்கு ஓப்பன்வயர் என்று பெயர். வழக்கமான வாசல், 61616 என்ற போர்ட். ஒரு முனையில் பிழை ஏற்பட்டால், இன்ன வகைப் பிழை, அதன் விளக்கம் இது என்று மறுமுனைக்குத் தெரிவிக்க அதில் ஏற்பாடு இருந்தது. பெறுகிற முனை, செய்தியில் உள்ள கிளாஸ் பெயரை எடுத்து, விளக்கத்தை அதனிடம் கொடுத்து, ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கும். வந்திருப்பது உண்மையிலேயே பிழை வகையைச் சேர்ந்த கிளாஸ்தானா என்று அது பார்க்கவில்லை. தாக்கியவர்கள் பிழையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்பிரிங்கைச் சேர்ந்த ஒரு கிளாஸின் பெயரை எழுதினார்கள். விளக்கம் இருக்கவேண்டிய இடத்தில் தங்கள் சர்வரில் உள்ள ஓர் எக்ஸ்எம்எல் கோப்பின் முகவரியைப் போட்டார்கள். அந்த ஸ்பிரிங் கிளாஸின் வேலையே, கொடுத்த முகவரியிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்பை எடுத்துவந்து அதில் விவரித்துள்ள ஆப்ஜெக்டுகளை உருவாக்குவது. கோப்பு விவரித்த ஆப்ஜெக்டோ, இயங்குதளத்தில் கட்டளைகளை ஓட்டும் ஜாவாவின் சொந்தக் கருவி. உருவானதும் தொடங்கு என்றும் அதே கோப்பு சொன்னது. கட்டளை ஓடியது. 5.18.3 உள்ளிட்ட திருத்தப் பதிப்புகள் செய்த மாற்றம் மிகச் சிறியது: வந்த கிளாஸ் பிழை வகைதானா என்று ஆப்ஜெக்டை உருவாக்கும் முன் பார்ப்பது.

இந்த வகைத் தாக்குதலில் எதிரி புதிதாக எதையும் உள்ளே கொண்டுவர வேண்டியதில்லை. ஸ்பிரிங்கும் அந்தக் கட்டளைக் கருவியும் ஏற்கெனவே சர்வரில் இருந்தவை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் தவறில்லை. அவற்றை எந்த வரிசையில் இணைப்பது என்ற அதிகாரம் வெளியாள் கைக்குப் போனதுதான் தவறு. இதனால்தான் வைரஸ் தடுப்பு மென்பொருளை மட்டும் நம்பியிருப்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை. உள்ளே வருவது ஒரு விவரிப்பு மட்டுமே. அதைப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பது எளிதில்லை.

பத்தாண்டுக்கு முன்பே இந்தப் பாடம் கிடைத்துவிட்டது என்பதுதான் வருத்தம். 2013 ஜனவரி 8 அன்று, இணையதளங்கள் எழுதப் பயன்படும் ரூபி ஆன் ரெயில்ஸின் குழு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ரெயில்ஸில் எழுதப்பட்ட இணையதளங்கள், உலாவியிலிருந்து எக்ஸ்எம்எல் வடிவில் வரும் கோரிக்கைகளையும் ஏற்றுக்கொண்டன. அந்த எக்ஸ்எம்எல்லுக்குள் "இது யாமல் வகை" என்று ஒரு துண்டைக் குறித்து அனுப்பினால், தளம் அதையும் பிரித்துப் படித்தது. யாமலோ, எந்த ரூபி கிளாஸையும் பெயர் சொல்லி உருவாக்க இடம் கொடுத்தது. பல ஆண்டுகளாக இருந்துவந்த ஓட்டை இது. நெதர்லாந்தில் குடிமக்கள் அரசுச் சேவைகளுக்குள் நுழையப் பயன்படுத்தும் டிகிடி அமைப்பைத் திருத்தம் போட்டு முடிக்கும் வரை அரசே நிறுத்திவைத்தது. வசதி ஒரு நாள் நின்றாலும் மக்களின் அடையாளம் களவு போகக்கூடாது என்று எடுத்த அந்த முடிவை நான் மதிக்கிறேன். அதே மாதக் கடைசியில், மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களான ரூபி லைப்ரரிகள் சேமிக்கப்படும் ரூபிஜெம்ஸ் தளத்திலேயே ஒருவர் யாமல் விவரக்குறிப்புக்குள் தாக்குதலை வைத்து ஒரு பொட்டலத்தை ஏற்றிவிட்டார். சேமிப்பில் இருந்த லைப்ரரிகளில் எதுவும் திருத்தப்படவில்லையே என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

பிறகும் நிற்கவில்லை. 2017இல் ஆரக்கிள் வெப்லாஜிக் சர்வர்களில், எக்ஸ்எம்எல்லைப் படித்து ஜாவா ஆப்ஜெக்டுகளை உருவாக்கும் பகுதி வழியாகப் புகுந்து, ரகசியமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸில் எக்ஸ்ஸ்ட்ரீம் லைப்ரரி வழியாக அதே வகை ஓட்டை. 2022 டிசம்பரில் ஜாவாவில் பரவலாகப் பயன்படும் ஸ்நேக்யாமல் லைப்ரரியின் முறை.

ஸ்நேக்யாமல் விஷயத்தில் நடந்த வாதத்தைத் தமிழ்நாட்டு மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். நம்பகமில்லாத இடத்திலிருந்து வரும் கோப்புகளுக்காக இந்த லைப்ரரி எழுதப்படவில்லை, அதற்கென்று பாதுகாப்பான வழி தனியாக இருக்கிறது, அதைப் பயன்படுத்தாதது பயனாளர் தவறு என்பது பராமரிப்பாளர்கள் தரப்பு. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவசரத்தில் இருக்கும் நிரலாளர் கண்ணில் முதலில் படும் வழியைத்தான் எடுப்பார். முதல் வழியே பாதுகாப்பானதாக இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடைசியில் ஸ்நேக்யாமல் 2.0 அப்படித்தான் மாறியது. பைதானின் பையாமல் லைப்ரரியும் அதே பாதையில் போயிற்று: 2019இல் எச்சரிக்கை காட்டத் தொடங்கியது, 2021இல் வந்த 6.0 பதிப்பில் கோப்பைப் படித்து ஆப்ஜெக்டாக்க எந்த ஏற்றியைப் பயன்படுத்துவது என்று நிரலாளரே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்றாக்கியது. எக்ஸ்ஸ்ட்ரீம் 1.4.18 பதிப்பிலிருந்து, அனுமதிப் பட்டியலில் இல்லாத கிளாஸ்களை இயல்பிலேயே மறுக்கிறது.

நிரல் எழுதுகிறவர்கள் முதலில் தங்கள் நிரலில் இந்தப் பழைய பதிப்புகள் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டும். நேரடியாகச் சேர்த்த லைப்ரரிகளை மட்டும் பார்த்தால் போதாது. நீங்கள் சேர்த்த லைப்ரரி தனக்குள் சேர்த்துக்கொண்டவையும் கணக்கில் வரும். பைதானில் யாமல் படிக்க 'சேஃப் லோட்' மட்டும். வெளியிலிருந்து வரும் தரவில் கிளாஸ் பெயரே இருக்கக்கூடாது. எண், எழுத்து, பட்டியல் போன்ற எளிய வகைகளாக மட்டும் வாங்கி, சரிபார்த்து, எந்த ஆப்ஜெக்ட் வேண்டும் என்பதை உங்கள் நிரல் தீர்மானிக்கட்டும். பெயர் வந்தே தீரும் என்றால் அனுமதிக்கும் பெயர்களைப் பட்டியலிட்டு மற்றவற்றை மறுங்கள். தடைப் பட்டியல் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இன்று தெரிந்த ஆபத்தான கிளாஸ்களைத் தடுத்தால் நாளை புதிதாக ஒன்று கிளம்பும். எக்ஸ்எம்எல்லில் வெளிக் கோப்புகளை இழுத்துவரும் 'என்டிட்டி' வசதியை அணைத்துவையுங்கள். அது திறந்திருந்தால் சர்வரிலுள்ள கோப்புகளை வெளியாள் படிக்க முடியும்.

சர்வரைப் பராமரிப்பவர்களுக்கு ஒன்று. ஆக்டிவ்எம்கியூ தாக்குதலில் சர்வர் வெளியே போய் எக்ஸ்எம்எல்லை எடுத்துவர வேண்டியிருந்தது. உள் வேலை மட்டும் பார்க்கும் சர்வர் இணையத்தில் எந்த முகவரிக்கும் போகலாம் என்று எதற்குத் திறந்துவிட வேண்டும்? அந்தக் கதவை மூடியிருந்தால், திருத்தம் போடாத சர்வரில்கூட இந்தத் தாக்குதல் மிகக் கடினமாகியிருக்கும்.

மருத்துவமனை, பள்ளி, சீட்டு நிறுவனம், நூல் மில் என்று மென்பொருளை வெளியே கொடுத்து எழுதவைக்கும் உரிமையாளர்களுக்கு இந்த நுட்பமெல்லாம் தெரியவேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள். மென்பொருளுக்குள் இருக்கும் லைப்ரரிகளின் முழுப் பட்டியல், ஓட்டை அறிவிக்கப்பட்டால் எத்தனை நாளில் திருத்தம் போடப்படும், அதற்கு யார் பொறுப்பு. இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், இப்படிப்பட்ட உட்பொருள் பட்டியலுக்கான வழிகாட்டுதலை 2024 அக்டோபரிலேயே வெளியிட்டிருக்கிறது. எனவே நீங்கள் கேட்பது வழக்கத்துக்கு மாறான ஒன்றல்ல. தாக்குதல் நடந்துவிட்டால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28ஆம் தேதி உத்தரவு. 180 நாள் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. பதறிப்போய் சர்வரை அழித்துப் புதிதாக நிறுவிவிடாதீர்கள். முதலில் இணையத்திலிருந்து துண்டித்து, முழுப் படி ஒன்றை எடுத்துவையுங்கள். எதை எடுத்தார்கள் என்று பிறகு சொல்ல அந்தப் படிதான் உதவும்.

இனி, தன் விவரங்கள் வெளியே போன மனிதருக்கு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இன்படி, உங்கள் தரவை வைத்திருக்கும் நிறுவனம் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். கசிவு ஏற்பட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரையும், தெரிவிக்கத் தவறினால் 200 கோடி வரையும் அபராதம் விதிக்கலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும்படி வகுத்திருக்கிறார்கள். முறையீடு முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் போகவேண்டும், அங்கே தீராவிட்டால் வாரியத்திடம். பணம் பறிபோயிருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

ஒரு பாதுகாப்பு ஓட்டை உங்கள் கண்ணில் பட்டால் செர்ட்-இன்னுக்கு எழுதலாம். ஆனால் அடுத்தவர் சர்வரில் அனுமதியில்லாமல் சோதித்துப் பார்க்காதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வழக்கில் சிக்க நேரலாம்.

புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அந்த அபராதம் அரசின் கருவூலத்துக்குப் போகும். விவரத்தை இழந்தவருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. இழப்பீடு கேட்க இன்று உள்ள வழி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. வங்கி மற்றும் அட்டை விவரம், கடவுச்சொல், மருத்துவப் பதிவு, உடல் அடையாளம் போன்ற அந்தரங்கத் தரவுகளை அலட்சியமாகக் கையாண்டு ஒருவருக்கு நஷ்டம் ஏற்படுத்திய நிறுவனம் ஈடு தரவேண்டும் என்கிறது அது. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிக்கிறார். புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது இந்தப் பிரிவு நீக்கப்படும். அதற்கு ஈடான இழப்பீட்டு உரிமையைப் புதிய சட்டத்தில் சேர்க்கவேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கவேண்டிய நேரம் இது. ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் கசிவு பற்றி வந்த மின்னஞ்சல், வங்கிக் கணக்கு அறிக்கை, நிறுவனத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு, பிரிவு நீக்கப்படும் முன் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.