உங்கள் ஒப்பீட்டுக் கட்டுரையை ஏ.ஐ. ஆதாரமாகக் காட்ட வேண்டுமா?

‘பூண்டி பூண்டு நல்லதா?’

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு ஏ.ஐ. சர்ச் இஞ்சின் ஒன்றில் இந்தக் கேள்வியைத் தட்டினேன். வந்த பதிலின் முதல் பாரா திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டி நீர்த்தேக்கத்தைப் பற்றியது. இரண்டாவது பாராவில் தஞ்சாவூர் பக்கத்துப் பூண்டி மாதா கோவில். மூன்றாவது பாராவில்தான் பூண்டு வந்தது. அதுவும் இமயமலையில் விளையும் ஒற்றைப்பல் பூண்டு! ஒவ்வொரு பாராவின் முடிவிலும் சின்னதாக எண் போட்டு, எந்தத் தளத்தில் எடுத்தது என்று ஆதாரமும் காட்டியிருந்தது. ஆதாரத்துடன் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

நான் கேட்டது வேறு பூண்டி. கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டிப் போனால் வரும் கிராமம். அதற்கும் அப்பால் கிளாவரை. அத்துடன் பஸ் நின்றுவிடும். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பூண்டு இவைதான் எங்கள் பிழைப்பு. அப்பா பூண்டு போடுகிறார். நான் இன்ஜினியரிங் முடித்து சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்தே வேலை என்பதால் மாதத்தில் பாதி நாள் ஊரில், சிக்னல் கிடைக்கும் மாடியில் இருப்பேன்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அன்னை தெரசா மகளிர் பல்கலைக் கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறை அதற்காக உழைத்தது. ஆனால் இண்டர்நெட்டில் மலைப்பூண்டு என்று தேடினால் எந்த மலை என்றே சொல்லாமல் விற்கிறார்கள். எங்கள் பூண்டு பெரும்பாலும் தேனி மாவட்டம் வடுகபட்டி மார்க்கெட்டுக்குப் போய்விடும். அங்கே கிடைப்பதுதான் விலை. நேரடியாகக் கொஞ்சம் விற்றுப் பார்க்கலாம் என்று அப்பாவுக்கும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவுக்குமாக ஒரு சிறிய வெப்சைட் செய்து கொடுத்தேன். அதில் போட ஓர் ஒப்பீட்டுக் கட்டுரையும் எழுதினேன். கொடைக்கானல் பூண்டு, மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்கு வரும் நீலகிரிப் பூண்டு, மத்தியப் பிரதேசத்தின் மன்ட்சோர், நீமச் பக்கமிருந்து வரும் பூண்டு. இந்த மூன்றில் எது, யாருக்கு? அந்தக் கட்டுரை பட்ட பாடுதான் இங்கே நான் சொல்லப் போவது. நீங்கள் பூண்டுக்குப் பதில் யு.பி.எஸ்., பிரிண்டர், மிக்ஸி எதைப் பற்றி எழுதினாலும் கதை ஒன்றுதான்.

ஏ.ஐ. எப்படித் தேடுகிறது?

பழைய சர்ச் இஞ்சின் பத்து நீல லிங்க்குகளைத் தரும். எதைத் திறப்பது என்பது நம் விருப்பம். ஏ.ஐ. தேடல் அப்படி இல்லை. நம் கேள்வியை முதலில் நாலைந்து துணைக் கேள்விகளாக உடைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தளங்களைத் தேடி எடுக்கிறது. அந்தப் பக்கங்களைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. கேள்விக்கு நெருக்கமான துண்டுகளை மட்டும் வைத்துக் கொண்டு ஒரு பதிலை எழுதி, எடுத்த இடத்துக்கு எண் போடுகிறது. படிப்பவர் பெரும்பாலும் பதிலோடு நிறுத்திக் கொள்கிறார். அதாவது, உங்கள் கட்டுரை முழுதாகப் போய்ச் சேர்வதே இல்லை. அதன் ஒரு துண்டுதான் போய்ச் சேர்கிறது. இதை நன்றாக நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். என் தவறு இங்கேதான் நடந்தது. பிறகு சொல்கிறேன்.

எந்தத் துண்டை அது எடுக்கும்? இதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக் கழகம், டெல்லி ஐ.ஐ.டி. உள்ளிட்ட இடங்களைச் சேர்ந்த 6 பேர் 2023 நவம்பரில் வெளியிட்டு, 2024-ல் பார்சிலோனாவில் நடந்த கே.டி.டி. மாநாட்டில் வாசித்த கட்டுரை அது. முதல் பெயர் பிரஞ்சல் அகர்வால், டெல்லி ஐ.ஐ.டி. இன்னொருவர் கார்த்திக் நரசிம்மன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2018-ல் வந்த முதல் ஜி.பி.டி. ஆய்வுக் கட்டுரையை எழுதிய நால்வரில் அவரும் ஒருவர்.

பத்தாயிரம் கேள்விகளை வைத்து, ஒரு பக்கத்தின் எழுத்தை ஒன்பது விதமாக மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நம் ஊர் வெப்சைட்காரர்கள் உயிரைக் கொடுத்துச் செய்யும் வேலை, அதாவது முக்கியச் சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பது, பலன் தரவில்லை. புள்ளி விவரம் சேர்ப்பது, ஆதாரம் காட்டுவது, ஒருவர் சொன்னதை அப்படியே மேற்கோளாகத் தருவது ஆகிய மூன்றும்தான் நன்றாக வேலை செய்தன. பதிலில் அந்தப் பக்கத்துக்குக் கிடைக்கும் இடம் 40 சதவீதம் வரை கூடியது. தேடலில் ஐந்தாம் இடத்தில் கிடந்த பக்கங்களுக்குத்தான் லாபம் அதிகம். எங்களைப் போன்ற சின்னத் தளங்களுக்கு நல்ல செய்தி.

இதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. எண் இருந்தால் ஏ.ஐ. எடுத்துக் கொள்கிறது. சரி, அந்த எண் பொய்யாக இருந்தால்? அப்போதும் எடுத்துக் கொள்ளும்! பூண்டு உரிக்கத் தெரியாத மெஷின், பூண்டைப் பற்றிய எண்ணை எப்படிச் சரி பார்க்கும்? 2023-ல் ஜார்ஜியா டெக் பேராசிரியர் மார்க் ரீடல் தன் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில், தன்னைக் காலப் பயண நிபுணர் என்று சொல்லுமாறு பிங் சாட்டுக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்தார். அது அப்படியே சொல்லியது. தமிழில் நிலைமை இன்னும் மோசம். ஒரு பொருளைப் பற்றித் தமிழில் மொத்தமே ஒரு பக்கம்தான் இருக்கிறது எனில், அந்த ஒரு பக்கம் சொன்னதுதான் பதில்.

அப்பாவின் கோபம்

கட்டுரையின் முதல் வரியிலேயே, ‘இதை எழுதுபவரின் அப்பா பூண்டியில் பூண்டு விளைவிப்பவர், இந்தத் தளத்தில் அது விற்கப்படுகிறது’ என்று போட்டேன். இது நல்ல பிள்ளைத்தனம் மட்டும் அல்ல. பரிந்துரை செய்பவருக்கும் விற்பவருக்கும் தொடர்பு இருந்தால் விளம்பரத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன. அமெரிக்காவில் 1936-லிருந்து பொருட்களைச் சோதித்து எழுதிவரும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், விளம்பரமே வாங்குவதில்லை. பொருளையும் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறது. நம் நாட்டிலும் டெல்லி கன்ஸ்யூமர் வாய்ஸ், அகமதாபாத் நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் போன்றவை இப்படி ஒப்பிட்டு எழுதியிருக்கின்றன. நான் விற்பவனின் பிள்ளை. அந்த அளவுக்குச் சுத்தம் என்று சொல்லிக் கொள்ள முடியாது. என்னால் முடிந்தது, மூன்று பூண்டையும் ஒரே வாரத்தில் காசு கொடுத்து வாங்கியது. எங்கே, என்ன விலைக்கு, எந்தத் தேதியில் என்பதைப் பில்லுடன் எழுதியது. எங்கள் பூண்டைக்கூட வீட்டிலிருந்து எடுக்காமல் கடையில்தான் வாங்கினேன். வீட்டில் இருந்தது பொறுக்கி எடுத்தது அல்லவா?

தினமும் குழம்பு, ரசத்துக்கு என்றால் மத்தியப் பிரதேசப் பூண்டே போதும், விலை குறைவு என்று எழுதினேன். ஒரே அளவில் பல் வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் பூண்டு சரிப்படாது, பச்சையாகச் சட்னிக்கு அரைத்தால் காரம் தூக்கலாக இருக்கும் என்றும் எழுதினேன். காரமும் மணமும்தான் எங்கள் பூண்டின் பலம், பூண்டுக் குழம்புக்கும் ஊறுகாய்க்கும் அதை அடித்துக் கொள்ள முடியாது என்பதும் அடுத்த வரியிலேயே இருந்தது.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘ஏம்ப்பா, நம்ம கடையில உக்காந்துக்கிட்டே பக்கத்துக் கடைக்கு வழி சொல்றியே?’ என்றார். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அதுதான் அதிகம் வலித்தது.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், ஏ.ஐ. எடுத்துக் கொண்டது அந்த வரிகளைத்தான். ‘ஊறுகாய்க்கு எந்தப் பூண்டு?’ என்று கேட்டால் எங்கள் தளத்தின் பெயர் முதல் எண்ணாக வந்தது. காரணம் எளிது. மற்ற தளங்களில் ‘மிகச் சிறந்தது, தரமானது, ஒப்பற்றது’ என்றே இருந்தது. அதில் எடுத்துச் சொல்ல என்ன இருக்கிறது? யாருக்கு எது என்று பிரித்துச் சொன்ன பக்கம் எங்களுடையது மட்டும்தான். ஆர்டர் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, கொஞ்சம்.

ஐந்து கிலோவும் ஒரு போனும்

இப்போது என் தவறு. கட்டுரையில் ஓரிடத்தில், ‘எங்கள் ஊர்க் குளிரில் இந்தப் பூண்டு ஒரு வருடம் வரை கெடாது’ என்று எழுதியிருந்தேன். ஊரில் எல்லோரும் சொல்வதுதான். நானாகச் சோதித்தது அல்ல. அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டு, புகையும் சூடும் படும்படி வைப்போம் என்பது இரண்டு பாரா தள்ளி இருந்தது.

சென்னையிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். ‘தம்பி, நீங்க சொன்ன மாதிரிதான் வெச்சேன். அஞ்சு கிலோவும் முளைச்சு, பூஞ்சை பிடிச்சுப் போச்சு’ என்றார். நான் எங்கே சொன்னேன் என்று புரியாமல் விழித்தேன். அவர் ஏ.ஐ. தந்த பதிலை அனுப்பினார். ‘குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் ஒரு வருடம் வரை கெடாது’ என்று இருந்தது. பக்கத்தில் எங்கள் தளத்தின் எண். அவர் பிளாஸ்டிக் கவரில் கட்டி ப்ரிட்ஜில் வைத்துவிட்டார். பூண்டு முளைப்பதற்கு ப்ரிட்ஜ் போன்ற குளிர் ஏற்ற இடம். மூடிய கவரில் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை. பூண்டைக் காத்தது எங்கள் ஊர்க் குளிரே அல்ல. அடுப்பின் சூடும், புகையும், காற்றோட்டமும்தான். குளிர் என்ற சொல் என் வாக்கியத்தில் அழகுக்கு உட்கார்ந்திருந்தது. மெஷின் அதைக் காரணமாக எடுத்துக் கொண்டது. அதை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மதுரையில் அக்கா வீட்டுச் சமையலறையில் ஒரு கொத்தைத் தொங்கவிட்டுப் பார்க்கச் சொன்னேன். முளைக்கவில்லை. ஆனால் கோடையில் பல் சுருங்கி லேசாகிவிட்டது. ஒரு வருடம் என்பதை எடுத்துவிட்டேன்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

அன்றிலிருந்து நான் எழுதும் முறை மாறிவிட்டது. நிபந்தனையை அதே வாக்கியத்துக்குள் எழுதிவிடுகிறேன். ‘பூண்டியில், அடுப்புப் பரணில், காற்றோட்டமாகத் தொங்கவிட்ட கொடைக்கானல் மலைப்பூண்டு’ என்று ஆரம்பித்தால் படிக்க இழுவையாகத்தான் இருக்கும். பரவாயில்லை. நறுக்கினாலும் அர்த்தம் மாறாது.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது நமக்குப் பழக்கம். ‘இதுவே நல்லது’, ‘மேலே சொன்னது போல’ என்று எழுதினால், தனித் துண்டாகப் போகும்போது இது என்பது எது? பொருளின் பெயரைத் திரும்பச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரும் அப்படியே. வெறும் பூண்டி என்று எழுதாமல் கொடைக்கானல் மேல்மலை பூண்டி என்று எழுதிய பிறகுதான் நீர்த்தேக்கம் என்னை விட்டது.

ஒப்பீட்டு அட்டவணையைப் படமாகப் போடாதீர்கள். நிஜமான டேபிளாகவே போடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை ஏ.ஐ. படிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. பல ஏ.ஐ. கிராலர்கள் ஜாவா ஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை. ஆகவே பட்டனைக் கிளிக் செய்தால்தான் விரியும் விவரம் அவற்றுக்குத் தெரியாமலே போகலாம். உங்கள் தளத்தின் ரோபோட்ஸ் பைலைத் திறந்து, இந்தக் கிராலர்களுக்குத் தடை போடப்பட்டுள்ளதா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கட்டுரைகள் கையில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழக அரசே 2010-ல் யூனிகோடுக்கு மாறிவிட்டது. பழைய எழுத்துரு மெஷினுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். சோதித்த தேதி, வாங்கிய விலை, நீங்களே பார்த்தது எது, பிறர் சொன்னது எது, எல்லாவற்றையும் பிரித்து எழுதுங்கள்.

திருத்தினால், சத்தம் இல்லாமல் அழித்துவிட வேண்டாம். ‘இந்தத் தேதியில் திருத்தப்பட்டது, முன்பு இப்படி இருந்தது, அது தவறு’ என்று மேலேயே போடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அப்பா அந்தத் திருத்தத்தைப் படித்துவிட்டு, ‘இத முதல்லயே எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல’ என்றார். நான் கேட்கவே இல்லை என்பது உண்மைதான்.

சென்னை அம்மாவுக்கு ஐந்து கிலோ திரும்ப அனுப்பினோம், எப்படி வைப்பது என்று அப்பா கைப்பட எழுதிய சீட்டுடன். திருத்தத்துக்குப் பிறகு அதே கேள்வியை வாரம் ஒரு முறை கேட்டுக் கொண்டே இருந்தேன். சில வாரங்களில் ஒரு சர்ச் இஞ்சினில் பதில் மாறியது. இன்னொன்றில் ஒரு வருடம் என்ற வரி இன்னும் இருக்கிறது. எங்கள் தளத்தின் பெயர் போய், எங்களிடமிருந்து காப்பி அடித்த வேறு ஒரு தளத்தின் பெயர் அங்கே இருக்கிறது. அவர்களுக்கு இரண்டு மெயில் அனுப்பியாகிவிட்டது. பதில் இல்லை.