வேட்டை ஒழிந்தது, வேட்டைக்காரர் தேவைப்படுகிறார்! துப்பாக்கிச் சங்கங்கள் கடந்து வந்த பாதை

புது தில்லி: வன விலங்குகளைச் சுடுவதற்கு அரசே உரிமம் வழங்கிவந்த முறைக்கு நாடாளுமன்றம் 1991இல் முற்றுப்புள்ளி வைத்தது. அதன் பின்னர், துப்பாக்கி சுடும் சங்கங்களுக்கும் வேட்டைக்கும் இருந்த உறவு முறிந்தது. ஆனால், விளைநிலங்களை அழிக்கும் காட்டுப் பன்றிகளைச் சுட ஆள் தேடி, துப்பாக்கி உரிமம் பெற்றவர்களின் உதவியை உள்ளாட்சி அமைப்புகள் நாடும் நிலை கேரளத்தில் உருவாகியுள்ளது. யார் சுடலாம், அவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் தெளிவான விடை இல்லை.

அவைத் தலைவரும் மகாராஜாவும்

நாடாளுமன்றத்துக்கும் துப்பாக்கிச் சங்கங்களுக்குமான தொடர்பு பழமையானது. 1951இல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் தலைவர் ஜி.வி. மாவலங்கர். அடுத்த ஆண்டு அமைந்த முதல் மக்களவையின் தலைவரும் அவரே. தேசியப் போட்டிக்குத் தகுதி பெறுவதற்கான அகில இந்தியப் போட்டி இன்றும் அவரது பெயரிலேயே நடத்தப்படுகிறது.

அதே மக்களவையில் உறுப்பினராக இருந்த மற்றொருவர் பிகானீர் மகாராஜா கர்ணி சிங். சுயேச்சையாகப் போட்டியிட்டு 1952 முதல் 1977 வரை தொடர்ந்து மக்களவையில் அங்கம் வகித்தவர். அவருடைய பாட்டனார் கங்கா சிங்கின் காலத்தில், கஜ்னேரில் நடைபெற்ற பறவை வேட்டைக்கு வைஸ்ராய்களே விருந்தினராக வந்தனர். பேரனோ, பறக்கவிடப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் "டிராப்' போட்டியில் 1962இல் உலகச் சாம்பியன்ஷிப் வெள்ளிப் பதக்கம் வென்றார். ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத் தில்லி துக்ளகாபாதில் அமைக்கப்பட்ட துப்பாக்கி சுடும் தளம் அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்தியத் துப்பாக்கிச் சங்கங்கள் சென்ற திசையை இந்த ஒரு குடும்பத்தின் இரு தலைமுறைகளிலேயே காணலாம்.

படிப்படியாக வந்த தடை

சுதந்திரத்துக்குப் பிறகும் வேட்டை உடனே நின்றுவிடவில்லை. வெளிநாட்டினரை அழைத்து வந்து புலி வேட்டைக்கு ஏற்பாடு செய்து கொடுத்த "ஷிகார் கம்பெனிகள்' அரசின் அனுமதியுடனேயே இயங்கின. 1970இல் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டின் கணக்கெடுப்பில் நாட்டில் இருந்த புலிகள் 1,827 மட்டுமே. எனினும், முதல் அட்டவணையில் இல்லாத சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட அச்சட்டம் வழிவிட்டிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியையும் அடைத்தது.

அதன் பிறகு சங்கங்களுக்கு எஞ்சியது இலக்குப் பயிற்சி மட்டுமே. அதற்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் கைகொடுத்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கைக்கு 1983இல் வரம்பு விதிக்கப்பட்டபோது, மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கங்களில் .22 ரைபிளோ, காற்றழுத்த ரைபிளோ கொண்டு பயிற்சி பெறும் உறுப்பினர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

இந்த மாற்றத்தால் விளையாட்டு அரண்மனைகளைக் கடந்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ராணுவ அதிகாரி ராஜ்யவர்தன் சிங் ரத்தோர், பின்னர் மக்களவை உறுப்பினராகவும் மத்திய அமைச்சராகவும் ஆனார். 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். 2024 பாரீஸில் இந்தியா வென்ற ஆறு பதக்கங்களில் மூன்று துப்பாக்கி சுடுதலில் கிடைத்தவை. அவற்றுள் ஒன்றை வென்ற ஸ்வப்னில் குசாலே, அப்போது ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகர்.

இரண்டாகக் குறைந்த துப்பாக்கி

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத் திருத்த மசோதா வந்தபோது, ஒருவருக்கு மூன்று துப்பாக்கிகள் என்ற வரம்பை ஒன்றாகக் குறைக்கவே அரசு முதலில் உத்தேசித்தது. எதிர்ப்பு எழுந்ததையடுத்து அது இரண்டாக்கப்பட்டது. மறுபுறம், சர்வதேசப் பதக்கம் வென்ற வீரர்கள் விலக்குப் பிரிவில் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 2020 பிப்ரவரியில் 7லிருந்து 12ஆக உயர்த்தப்பட்டது. துப்பாக்கி விளையாட்டு வீரரிடம் இருக்கட்டும், மற்றவரிடம் குறையட்டும் என்பதே தில்லியின் கொள்கை என்பது இதிலிருந்து புலனாகிறது.

கிராமங்களின் தேவையோ வேறாக இருக்கிறது. 2016 ஜூனில் பிகார் மாநிலம் மொகாமாவில் 200க்கும் மேற்பட்ட நீலான்கள் சுட்டுக் கொல்லப்பட்டன. அதற்காக ஹைதராபாதிலிருந்து ஆள்கள் வரவழைக்கப்பட்டனர். இதனால் மேனகா காந்தியும் சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகரும் ஒரே அமைச்சரவையில் இருந்துகொண்டே பகிரங்கமாக மோதிக்கொண்டனர். கேரளமோ 2022 மே மாதத்தில், காட்டுப் பன்றிகளைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே வழங்கியது. பன்றியைத் தொல்லை தரும் விலங்காக அறிவிக்க வேண்டும் என்ற அம்மாநிலத்தின் கோரிக்கையை மத்திய அரசு ஏற்கவில்லை.

"யாரை வேண்டுமானாலும்'

வன உயிரினச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தான விலங்கைக் கொல்ல எழுத்து மூலம் காரணம் காட்டி "எந்த ஒரு நபருக்கும்' அனுமதி வழங்கலாம் என்கிறது. அந்த நபர் பெற்றிருக்க வேண்டிய பயிற்சி எது, குறி தவறி விலங்கு காயத்துடன் தப்பினால் பின்தொடர வேண்டியவர் யார், அருகில் வசிப்போருக்கு விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது ஆகியவற்றை அப்பிரிவு பேசவில்லை.

சங்கங்களிடம் இதை ஒப்படைத்துவிடலாம் என்பதும் எளிய தீர்வல்ல. நின்ற இடத்தில் காகித இலக்கைச் சுடப் பழகியவருக்கு, இரவில் புதருக்குள் ஓடும் பன்றியைச் சுடும் அனுபவம் கிடையாது. காற்றழுத்த ரைபிளும் .22 ரைபிளும் அந்த வேலைக்கு உரியவையும் அல்ல. உரிமம் பெற்ற வேறு துப்பாக்கிகளோ, பயன்பாடு குறைந்து, புதிய வரம்புக்கும் உட்பட்டுவிட்டன.

வேட்டையைப் பொழுதுபோக்காக மீண்டும் அனுமதிக்க வேண்டும் என்று எவரும் கோரவில்லை. ஆனால், பயிரை இழந்த விவசாயியின் கோபத்தையும், உத்தரவிடும் ஊராட்சித் தலைவரின் அவசரத்தையும் மட்டும் நம்பித் துப்பாக்கியை வெளியே எடுப்பது ஆபத்தானது. 2022இல் இதே சட்டத்தை விரிவாகத் திருத்திய நாடாளுமன்றம், சுடுபவருக்கான தகுதியையும் பொறுப்பையும் வரையறுக்காமல் விட்டுவிட்டது. அடுத்த திருத்தத்திலாவது அதைச் செய்வது உறுப்பினர்களின் கடமையாகும்.