பாவும் ஊடையும்: ஓர் உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளரின் செலவை எடைபோடுவது எப்படி?

சனிக்கிழமை இரவு இஷாத் தொழுகை முடிந்து கல்முனைப் பிரதான வீதிக்கு வந்தால், தேத்தண்ணிக் கடைத் தொலைக்காட்சியைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். இங்கிலாந்தில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு இரவு எட்டரைக்கு. ஆட்டம் முடிந்த பின்னும் கூட்டம் கலையாது. "அறுநூறு மில்லியன் கொட்டியும் என்னத்தக் கண்டாங்க காக்கா?" என்று ஒரு தம்பி கேட்பான். "ரெண்டு கப்பு எடுத்தாங்கதானே, அத உட்டுட்டியா?" என்று பதில் வரும்.

இந்த வாக்குவாதத்தில் நானும் பல இரவுகள் நின்றிருக்கிறேன். இருவர் சொல்வதும் உண்மைதான். ஒருவர் செலவான தொகையை எண்ணுகிறார், மற்றவர் வென்ற கிண்ணத்தை எண்ணுகிறார். ஒரு பயிற்றுவிப்பாளர் பணத்தைச் சரியாகச் செலவழித்தாரா என்று அறிய மூன்றாவதாக ஒரு கணக்குப் பார்க்க வேண்டும் என்பது என் நம்பிக்கை. அவர் போன பிறகு அந்த அணியில் என்ன மிஞ்சியது என்பதே அந்தக் கணக்கு.

மருதமுனையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு சாரம் நெய்ய முதலில் நீளவாக்கில் பாவு பூட்ட வேண்டும். துணியின் முழு நீளத்துக்கும் ஓடுவது அந்த நூல்தான். ஊடை குறுக்கே ஓடிக் கோலத்தைக் கொடுக்கும். ஊடையின் நிறத்தை இடையிலே மாற்றலாம். பாவு அறுந்தாலோ தறி நின்றுவிடும். ஓர் அணியிலும் ஐந்தாறு வருடம் நிலைத்து ஆடுகிறவர்கள் பாவு, வருடந்தோறும் வந்து சேர்கிறவர்கள் ஊடை. பணத்தால் ஊடையை எளிதாக வாங்கலாம். பாவைப் பூட்டக் காலமும் கவனமும் வேண்டும்.

விலை மட்டும் செலவாகாது

ஒரு வீரரின் விலை என்று செய்தியில் வருவது செலவின் ஒரு பகுதிதான். அதோடு சம்பளம், முகவரின் பங்கு, ஒப்பந்தத்தின் நீளம் எல்லாம் சேர்கின்றன. 2018 ஜனவரியில் அலெக்ஸிஸ் சான்செஸ் மன்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தபோது கைமாறிய விலை என்று எதுவும் இல்லை. யுனைடெட்டின் மெக்கித்தாரியன் ஆர்சனலுக்குப் போனார், பதிலுக்கு இவர் வந்தார். அணியிலேயே மிகப் பெரிய சம்பளம் இவருக்குப் போனது. யுனைடெட்டுக்காக அவர் ஆடிய 45 ஆட்டங்களில் அடித்த கோல்கள் 5. வாங்கியதையும் விற்றதையும் மட்டும் கழித்துப் பார்க்கிறவருக்கு இந்த இழப்புக் கண்ணில் படவே படாது.

கழகங்களின் கணக்கேட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. 80 மில்லியன் பவுணுக்கு வாங்கிய வீரருக்கு ஐந்து வருட ஒப்பந்தம் என்றால், வருடத்துக்கு 16 மில்லியன் என்றுதான் செலவு எழுதப்படும். செல்சி இதை நீட்டிப் பார்த்தது. 2023 ஜனவரி இறுதியில் என்ஸோ பெர்னாண்டஸை ஏறத்தாழ 107 மில்லியன் பவுணுக்கு எட்டரை வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 21 மில்லியனுக்கு மேல் வரும் சுமை, எட்டரையால் வகுத்ததும் 13 மில்லியனுக்குள் அடங்கியது. அதே 2023இல் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனமும், பின்னர் பிரீமியர் லீக்கும் இந்தப் பகிர்வை ஐந்து வருடத்துக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தின. காகிதத்தில் சுமை குறைந்தாலும் அந்த வீரர் சரிவராவிட்டால் எட்டரை வருடமும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். நம்மூரில் தவணைக்குப் பொருள் எடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒருவரை விற்று இருவரை எடுத்த கதை

நல்ல செலவுக்கு உதாரணம் கேட்டால் நான் லிவர்பூலைத்தான் சொல்வேன். யேர்கன் குளொப் 2015 ஒக்டோபரில் அங்கே பொறுப்பேற்றார். 2018 ஜனவரியில் அணியின் கலைஞன் என்று ரசிகர்கள் கொண்டாடிய கூட்டின்யோ பார்சிலோனாவுக்குப் போனார். மேலதிகக் கொடுப்பனவுகளும் சேர்ந்தால் அந்த விற்பனை 142 மில்லியன் பவுண் வரை போகக்கூடியது. அதே மாதம் பின்களவீரர் வேர்ஜில் வான் டைக் 75 மில்லியனுக்கு வந்தார். மே மாதம் கியேவில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கோல்காப்பாளர் கரியுஸின் இரண்டு தவறுகள் அணியைத் தோற்கடித்தன. ஜூலையில் ரோமா கழகத்திலிருந்து அலிஸன் ஏறத்தாழ 67 மில்லியனுக்கு வந்தார். வான் டைக், அலிஸன் இருவரின் விலையையும் கூட்டினால் கூட்டின்யோவின் விலை வருகிறது.

அந்த நேரத்தில் இவை இரண்டும் அவரவர் இடத்துக்கான மிகப் பெரிய விலைகள். அவை வீண்போகாததற்குக் காரணம், அணியில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பணம் அங்கே போனதுதான். சுற்றிலும் இருந்தவர்களைப் பாருங்கள். இடது பின்களத்தில் ஹல் சிட்டியிலிருந்து 8 மில்லியனுக்கு வந்த அன்ட்ரூ ரொபர்ட்சன். வலப்பக்கம் கழகத்தின் சிறுவர் பயிற்சிக்கூடத்திலிருந்தே வளர்ந்த ட்ரென்ட் அலெக்ஸாண்டர் ஆர்னல்ட். நடுவில் விலையின்றி வந்த மட்டிப். 2019இல் ஐரோப்பிய கிண்ணம் வந்தது. 2020இல் 99 புள்ளிகளோடு, 30 வருடக் காத்திருப்புக்குப் பின், லீக் கிண்ணமும் வந்தது.

புகழ் முழுவதும் குளொப்புக்கே உரியது என்றும் சொல்ல முடியாது. 2017இல் முஹம்மத் ஸலாஹ்வை எடுக்கச் சொல்லி விடாமல் வற்புறுத்தியவர்கள் விளையாட்டுப் பணிப்பாளர் மைக்கல் எட்வர்ட்ஸும் அவரது ஆய்வுக் குழுவினரும் என்பதைக் குளொப்பே ஒப்புக்கொண்டிருக்கிறார். தன் மனதில் வேறொருவர் இருந்தபோதும் அறிந்தவர் சொல்லுக்குக் காது கொடுத்தார், அதுவும் ஒரு திறமைதான். லெஸ்டர் சிட்டியின் 2016 லீக் வெற்றியிலும் இதே பாடம் இருக்கிறது. ஜேமி வார்டி 2012இல் ஒரு மில்லியன் பவுணுக்கு வந்தவர். ரியாத் மஹ்ரெஸ் 2014 ஜனவரியில் அரை மில்லியனும் ஆகாத விலைக்கு வந்தவர். இருவரும் பயிற்றுவிப்பாளர் ரனியேரி வருமுன்பே அங்கே இருந்தார்கள். கண்டு எடுத்த பெருமை ஸ்டீவ் வோல்ஷ் போன்ற வீரர் தேடுநர்களுக்குப் போக வேண்டும். ரனியேரியின் பெருமை, ஓடிக்கொண்டிருந்த தறியைக் குலைக்காமல் விட்டதில் இருக்கிறது. ஒருவரை எடைபோடும் முன் எந்த முடிவு அவருடையது என்று பிரித்துப் பார்ப்பது நியாயம்.

குளொப் 2024 மேயில் விடைபெற்றார். அடுத்து வந்த ஆர்ன ஸ்லொட்டின் முதல் பருவத்தில் புதிதாக இணைந்து ஆடியவர் பெடரிகோ கியேஸா ஒருவர் மட்டுமே. அந்தப் பருவத்திலேயே, 2025இல், லிவர்பூல் மீண்டும் லீக் கிண்ணத்தை வென்றது. குளொப்பின் செலவுக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. அவர் பூட்டிய பாவில்தான் மற்றவர் நெய்தார்.

தெரிந்த முகங்களைத் தேடிய யுனைடெட்

எரிக் டென் ஹாக் 2022 கோடையில் மன்செஸ்டர் யுனைடெட்டுக்குப் பயிற்றுவிப்பாளராக வந்து 2024 ஒக்டோபரில் நீக்கப்பட்டார். இடையில் வீரர்களுக்காகக் கழகம் செலவழித்தது ஏறத்தாழ 600 மில்லியன் பவுண். தேத்தண்ணிக் கடைத் தம்பி சொன்ன தொகை இதுதான். 2023இல் லீக் கப், 2024இல் எஃப்.ஏ. கிண்ணம் என்று இரண்டு வெற்றிகள் வந்தன. 2023-24 லீக்கில் அணி எட்டாம் இடத்துக்கு இறங்கியது. பிரீமியர் லீக் தொடங்கிய பின் அதுவரை யுனைடெட் அதற்குக் கீழே இறங்கியிருந்ததில்லை.

வாங்கிய பட்டியலில் ஒரு போக்குத் தெரிகிறது. அந்தனி, லிசாண்ட்ரோ மார்ட்டினஸ், ஒனானா, டி லிக்ட், மஸ்ராவி ஆகிய ஐவரும் அவர் முன்பு பயிற்றுவித்த அயாக்ஸில் ஆடியவர்கள். தெரிந்தவரை நம்புவது இயல்பு. ஆனால் ஒல்லாந்து லீக்கில் ஜொலித்தவர் இங்கிலாந்தின் வேகத்துக்கு ஈடுகொடுப்பாரா என்று சோதிக்கும் வேலையை அந்தப் பழக்கம் மறக்கடித்துவிடும். 80 மில்லியன் பவுணுக்கு மேல் போன அந்தனி, 2025 செப்டெம்பரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விலைக்கு ரியல் பெட்டிஸுக்கு விற்கப்பட்டார். கஸெமிரோ வந்தபோது வயது 30. 2023 லீக் கப் இறுதியில் முதல் கோலைத் தலையால் அடித்தவர் அவர்தான், அந்தப் பருவத்தில் அவர் தன் விலைக்கு ஆடினார். ஆனால் அவருடைய ஒப்பந்தம் நான்கு வருடத்துக்கு எழுதப்பட்டிருந்தது.

எனக்கு மறக்க முடியாதது 2024 மே 25 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம். மன்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வென்ற அன்று யுனைடெட்டின் இரு கோல்களையும் அடித்தவர்கள் கர்னாச்சோவும் கொபி மைனூவும். இருவருக்கும் அப்போது வயது 19. இருவரும் கழகத்தின் இளையோர் அணியில் வளர்ந்தவர்கள். அந்தப் பையன்களை நம்பிக் களத்தில் இறக்கியதற்காக டென் ஹாக்கைப் பாராட்ட வேண்டும். கிண்ணத்தைக் கொண்டுவந்தது அந்த நம்பிக்கைதான்.

பணமில்லாமல் கட்டிய தேசிய அணி

தேசிய அணிக்கு வீரர்களை விலைக்கு வாங்க முடியாது. ஆனாலும் அணி கட்டும் கேள்வி அங்கேயும் இருக்கிறது. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்த இலங்கை, பின்னர் பிஃபா தரவரிசையில் 200க்கும் அப்பால் சரிந்தது. 2023 ஜனவரியில் நிர்வாகச் சிக்கலால் பிஃபா தடை விதித்தது, அந்த ஓகஸ்டில்தான் நீக்கியது.

அந்த இருட்டிலிருந்து எழுந்ததற்கு வெளிநாடுகளில் வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள் பெரிதும் உதவினார்கள். பயிற்றுவிப்பாளர் அப்துல்லாஹ் அல்முதைரியின் காலத்தில் ஜெர்மனியின் டைனமோ ட்ரெஸ்டனில் ஆடிய குளோடியோ கமர்க்னெக்ட், சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் போன்றோர் அணிக்குப் பலமானார்கள். 2024 செப்டெம்பரில் கம்போடியாவோடு இரண்டு ஆட்டங்களும் சமநிலையில் முடிய, தண்ட உதையில் இலங்கை வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்குள் போனது. 2025 ஜூனில் கொழும்பில் சீனத் தாய்ப்பேயை 3-1 என்று வென்றது. அன்று நம் பகுதியிலும் மகிழாதவர் இல்லை.

இவர்கள் நம் பிள்ளைகள், இவர்கள் வந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. என் கவலை பாவைப் பற்றியது. 2021இல் தொடங்கிய சுப்பர் லீக்கில் இடம்பெற்ற 10 கழகங்களில் கிழக்கு மாகாணக் கழகம் ஒன்றுகூட இல்லை. வம்சாவளி வீரர்களின் இந்தத் தலைமுறை ஓய்வுபெறும் நாளில், அவர்களோடு பத்து வருடம் ஆடி அனுபவப்பட்ட உள்ளூர்ப் பிள்ளைகள் வேண்டும். அவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

சந்தாங்கேணியில் நம் கணக்கு

கேள்வி இப்போது நம் சந்தாங்கேணி மைதானத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு கிண்ணச் சுற்றுப்போட்டி அறிவித்ததும் கழகங்கள் செய்வது நமக்குத் தெரியும். வெளிநாட்டில் உழைக்கும் நண்பர்களிடமும் வர்த்தகர்களிடமும் பணம் சேர்ப்போம். அதில் ஜேர்சி எடுப்போம். மிச்சத்தில் வெளியூரிலிருந்து மூன்று நான்கு பேரை இறக்குவோம். அவர்கள் திறமையானவர்கள், அவர்கள் ஆடினால் மைதானம் நிறையும். இறுதியாட்டம் முடிந்த இரவே வாகனம் ஏறிப் போய்விடுவார்கள். மறுநாள் மாலைப் பயிற்சிக்கு ஏழு பேர் வருவார்கள். அந்த மூன்று வாரமும் வாங்கிலே உட்கார்ந்திருந்த பதினாறு வயதுப் பையன் அந்த ஏழு பேரில் இருப்பான் என்று உறுதி சொல்ல முடியாது.

தப்பிப் பிழைத்து நன்றாக வளரும் பையனைத் தொழிலோடு சேர்த்து முப்படைக் கழகங்களோ பொலிஸ் கழகமோ எடுத்துக்கொள்ளும். குடும்பத்துக்கு அது வாழ்வு, அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. அவனை வளர்த்த கழகத்துக்குத்தான் எதுவும் திரும்பி வருவதில்லை.

வெளியூர் வீரரை எடுக்கவே கூடாது என்பது என் வாதமில்லை. எடுக்கும் முன் ஒவ்வொரு கழகமும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைத்திருக்கலாம். எந்த இடத்தில் நமக்கு ஆள் இல்லை? வருகிறவர் எத்தனை மாதம் நம்மோடு இருப்பார்? அவர் பக்கத்தில் ஆடி அந்த வேலையைப் பழகப்போகும் நம் பையன் யார்? மூன்றாவது கேள்விக்குப் பெயர் எழுத முடியாவிட்டால் அந்தப் பணத்தில் பந்தும் பயிற்றுவிப்பாளரும் தேடுவது மேல். வருட முடிவில் அதே தாளை எடுத்துப் பொறுப்பாளரைக் கேள்வி கேட்கலாம். குளொப்பையும் டென் ஹாக்கையும் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறதென்றால், நம் காசைச் செலவழித்தவரையும் மரியாதையோடு கேட்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பிஃபாவின் விதிப்படி ஒரு தொழில்முறை வீரர் விலைக்கு நாடு விட்டு நாடு மாறும்போது, அந்த விலையில் 5 வீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும். ஊர்ப் பையன் ஒருவன் நாளை வேறொரு நாட்டின் கழகத்துக்கு ஆடப்போய், அங்கிருந்து விலைக்குக் கைமாறினால் அந்தப் பங்கில் ஒரு துளி இங்கேயும் வரலாம். அதற்கு அவன் நம்மிடம் எந்த வயதில் சேர்ந்தான், எத்தனை பருவம் ஆடினான் என்று முறையான பதிவு இருக்க வேண்டும். அந்தப் பதிவைச் சம்மேளனம் வரை கொண்டுபோவது லீக் நிர்வாகத்தின் வேலை. உள்ளூரிலும் இதே முறையை நம் லீக்குகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டால், வளர்க்கிற கழகத்துக்கு வளர்ப்பதில் ஓர் ஆசை வரும்.

அடுத்த சுற்றுப்போட்டிக்கு ஜேர்சி அடிக்கக் கொடுக்கும் முன் ஒரு வேலையைச் செய்யலாம். மாலையில் மைதானத்தின் ஓரத்தில் வெறுங்காலோடு பந்தடிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பெயர், பிறந்த திகதி, சேர்ந்த நாள் என்று எழுதத் தொடங்கலாம். அதற்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும்.